நாக்பூர் புள்ளி ம.பி.க்குள்ள போய் நிக்குது, லேட்/லாங்கை மேப் படத்து மேல சரியா வைக்கிறது எப்படி?

தண்டவாளம்:
வணக்கம் மக்களே. பெரிய ரயில்வே ஸ்டேஷன்களை இந்தியா மேப் மேல புள்ளி வச்சு காட்டுற மாதிரி ஒரு சின்ன பேஜ் பண்ணிட்டு இருக்கேன், ஜாவாஸ்கிரிப்ட், கேன்வாஸ், அவ்வளவுதான். மேப் ஒரு வெப் மேப்ல இருந்து வெட்டி எடுத்த படம். இடது ஓரம் லாங் (தீர்க்கரேகை) 68 டிகிரி, வலது ஓரம் 97.5, கீழ லேட் (அட்சரேகை) 8, மேல 37. லாங்ல 68 கழிச்சு 29.5ஆல வகுத்து அகலத்தால பெருக்குறேன், அது எக்ஸ். 37ல லேட்டைக் கழிச்சு 29ஆல வகுத்து உயரத்தால பெருக்குறேன், அது ஒய்.

எக்ஸ்ல ஒரு குறையும் இல்ல. ஒய் தான் படுத்துது. கன்னியாகுமரி பக்காவா உக்காருது, ஆனா சென்னை பழவேற்காடு கிட்ட போயிடுது, நாக்பூர் பார்டர் தாண்டி மத்தியப் பிரதேசத்துக்குள்ள நிக்குது, டெல்லி கிட்டத்தட்ட பானிபட். அதுக்கும் மேல ஸ்ரீநகர் பாத்தா விலகல் திரும்ப குறையுது, இது தான் புரியல. சரின்னு எல்லா ஒய்க்கும் 26 பிக்சல் கூட்டிப் பாத்தேன், நாக்பூர் சரியாச்சு, கன்னியாகுமரி படத்தை விட்டே வெளிய விழுந்துடுச்சு. யாராவது சொல்லுங்கப்பா.

சும்மா_வந்தேன்:
ப்ரோ லேட் லாங் இடம் மாத்திப் போட்டிருப்பீங்க, பத்துல ஒன்பது பேருக்கு அதான் பிரச்சனை.

கோடும்கட்டமும்:
அது இல்லங்க. மாத்திப் போட்டிருந்தா நாக்பூர் ம.பி.ல நிக்காது, நார்வேக்கும் வடக்க ஸ்வால்பார்ட் தீவுல போய் நின்னிருக்கும் 😄

தண்டவாளம், படத்தோட அகலம் உயரம் எவ்வளவு?

தண்டவாளம்:
926 அகலம், 1000 உயரம்.

கோடும்கட்டமும்:
அப்ப விஷயம் அதுலயே இருக்கு. நீங்க போட்ட கணக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரே அளவு இடம்னு நினைச்சுப் போட்டது. அப்படிப்பட்ட மேப்பா இருந்தா 1000 உயரத்துக்கு அகலம் 1017 இருக்கணும், ஏன்னா உங்க லாங் வீச்சு 29.5, லேட் வீச்சு 29 தான். உங்க படம் அகலத்தை விட உயரமா இருக்கு, அதாவது மேல் கீழா இழுத்து வச்ச மேப். மெர்கேட்டர் முறை. 1569ல மெர்கேட்டர்ங்கிற மேப் வரையறவர் கப்பல்காரங்களுக்காகப் போட்ட அதே முறையை லேசா மாத்தி தான் இன்னைக்கு வெப் மேப் எல்லாம் ஓடுது.

உருண்டையில தீர்க்கரேகை எல்லாம் துருவத்துக்குப் போகப் போக நெருங்கும், மெர்கேட்டர்ல அதை நெருங்க விடாம நேரா நிறுத்தி வச்சிருக்கு, அதனால கிழக்கு மேற்கா எல்லாம் விரியுது, ஊரோட வடிவம் கெடாம இருக்க அதே அளவு வடக்கு தெற்காவும் இழுக்கணும். உங்க படத்துல 8 டிகிரி கிட்ட ஒரு டிகிரிக்கு சுமார் 32 பிக்சல், 37 கிட்ட 39. நீங்க எல்லா இடத்துக்கும் 34.5னு போட்டிருக்கீங்க. ரெண்டு ஓரத்தையும் நீங்களே கட்டி வச்சுட்டதால அங்க தப்பு தெரியாது, நடுவுல தான் பிதுங்கும். எல்லா ஊரும் ஒரே அளவு விலகினா ஓரத்தோட நம்பர் தப்புன்னு சொல்லலாம், இப்படி நடுவுல மட்டும் விலகினா உருண்டையைத் தட்டையா விரிக்கிற முறை, அதாவது ப்ரொஜெக்‌ஷன் தான்.

எக்ஸை அப்படியே விடுங்க. ஒய்க்கு, லேட்டைப் பாதியாக்கி அதோட 45 டிகிரி கூட்டுங்க, அதுக்கு டேன், வந்த விடைக்கு நேச்சுரல் லாக். டேன் போடறதுக்கு முன்னாடி ரேடியனா மாத்த மறந்துடாதீங்க. 8க்கு 0.1401 வரும், 37க்கு 0.6960, நாக்பூர் 21.15க்கு 0.3778. இப்ப உங்க பழைய கணக்குலயே டிகிரிக்குப் பதிலா இந்த நம்பரைப் போடுங்க: 0.6960ல 0.3778 போக 0.3182, அதை 0.5559ஆல வகுத்து ஆயிரத்தால பெருக்கினா 572. உங்களுக்கு 547 வந்திருக்கும், சரியா?

தண்டவாளம்:
ஆமா 547 தான்!! இருங்க மாத்திட்டு வரேன்.

கோட்_மாமா:
எதுக்கு இந்த லாக் டேன் எல்லாம், லீஃப்லெட்னு மேப் லைப்ரரி இருக்கு, அதைப் போட்டா மார்க்கர் தானா உக்காந்துடும்.

கோடும்கட்டமும்:
ஜூம் பண்ணனும், இழுத்துப் பாக்கணும்னா கண்டிப்பா அதான். ஒரே ஒரு நிலையான படத்து மேல புள்ளி வைக்க நாலு வரி போதும் மாமா.

பழைய_சர்வேயர்:
ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன் தம்பி. நாளைக்கு ஸ்கூல் அட்லஸ் மேப்பை ஸ்கேன் பண்ணி இதே கணக்கைப் போடாதீங்க. அதுல தீர்க்கரேகை மேல போகப் போக உள்ள சாயும், அட்சரேகை வில்லு மாதிரி வளையும், அது கோனிக் (கூம்பு முறை), அதுக்குக் கணக்கே வேற, எக்ஸ் ஒய் ஒவ்வொண்ணுக்கும் லேட் லாங் ரெண்டுமே வேணும். கோடு வளைஞ்சிருக்கான்னு முதல்ல பாருங்க. அப்புறம் யாராவது வந்து பழைய டோபோ ஷீட் (சர்வே மேப்) எல்லாம் எவரெஸ்ட் எலிப்சாய்டு, ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84, பூமி வடிவத்துக்கு ரெண்டும் வேற வேற கணக்கு, அதை மாத்தணும்னு பயமுறுத்துவாங்க, உங்க படத்துல ஒரு பிக்சலே சுமார் 3 கி.மீ., அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, கண்டுக்காதீங்க.

தண்டவாளம்:
வேலை செஞ்சிடுச்சு!! சென்னை கடலோரத்துல, டெல்லி டெல்லியில. ரொம்ப நன்றிங்க, சர்வேயர் சார் உங்களுக்கும். இன்னொரு சந்தேகம், சென்னை டெல்லி ரெண்டு புள்ளிக்கும் நடுவுல பிக்சலை அளந்து கி.மீ.ஆ மாத்தினா 1,880க்கு மேல வருது, நெட்ல நேர் தூரம் 1,750 சில்லறைனு போட்டிருக்கே?

கோடும்கட்டமும்:
பூமத்தியரேகை அளவை வச்சு மாத்தியிருப்பீங்க. சென்னை கிட்ட இந்த மேப் 1.03 மடங்கு, டெல்லி கிட்ட 1.14 மடங்கு ஊதி இருக்கு, ஒரே ஸ்கேல் எப்படி ஒத்து வரும். தூரத்தைப் படத்துல அளக்கவே அளக்காதீங்க, லேட் லாங்கை நேரா ஹாவர்சைன் ஃபார்முலாவுல (உருண்டை மேல தூரம் கணக்குப் போடுற ஃபார்முலா) போடுங்க, பூமி ஆரம் 6,371 கி.மீ.னு வச்சா போதும். அதுவும் காக்கா பறக்குற தூரம் தான், ரயில் தூரம் வேணும்னா டைம்டேபிள்ல இருந்து எடுத்துப் போட்டுக்கங்க.