கிளெய்ம் நேரத்தில் போனை எடுக்கும் கார் இன்சூரன்ஸ் கம்பெனி எது?

நண்பர்களே, அடுத்த மாதம் என் காரின் பாலிசி முடிகிறது, இந்த முறை கம்பெனியை மாற்றியே தீருவது என்றிருக்கிறேன். பெயர் வேண்டாம், ஆனால் இப்போது இருக்கும் கம்பெனி பாலிசி விற்கும்வரை தினம் மூன்று தடவை கூப்பிட்டது. பின்னாலிருந்து ஒருவர் இடித்து பம்பர் தொங்கியபோது நான் கூப்பிட்டால் நாற்பது நிமிடம் பாட்டுதான். அதே பாட்டு! சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வர ஆறு நாள், அதுவரை வண்டி ஒர்க்ஷாப்பில் கயிறு கட்டிய பம்பரோடு நின்றது. அப்புறம் பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் என்று பாதிப் பணத்தைக் கழித்துவிட்டார்கள். சரி, அது பாலிசியில் எழுதியிருந்ததுதான், தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் கவர் எடுக்காதது என் தப்பு.

பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. உண்மையிலேயே கிளெய்ம் செய்தவர்கள் மட்டும் சொல்லுங்கள்: ஒரே ஆள் கடைசிவரை பேசினாரா, இல்லை ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்ததா? கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே ஒர்க்ஷாப்புக்கு நேராகப் பணம் கட்டிவிடும் என்றார்களே, கடைசியில் கையிலிருந்து எவ்வளவு போனது? ஏஜென்ட் மூலம் எடுத்தால் கிளெய்ம் நேரத்தில் அவர் நிஜமாகவே உதவுகிறாரா, ஆன்லைனில் எடுப்பதே மேலா? கம்பெனி மாறினால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாமல் இருந்தால் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) கூடவே வரும் என்று தெரியும், ஆனால் எனக்குத்தான் இந்த வருடம் அது போய்விட்டதே.

ஏஜென்ட்கள் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வர வேண்டாம்.