ஒன்ராறியோவில் தனியாக வேலை எடுக்கும் தம்பிமாருக்கு: இன்வொய்ஸ் எழுதுவது பற்றி

தம்பி, ரைல்ஸ் பதிக்கத் தெரிந்த கைக்கு இங்கே வேலை கிடைத்துவிடும். செய்த வேலைக்குக் காசை வாங்குவதில்தான் நம்மவர்கள் சறுக்குகிறோம். தொடக்கத்தில் நான் ஒரு வேலைக்கு “குளியலறை வேலை, 4,800 டொலர்” என்று ஒற்றை வரி எழுதிக் கொடுத்தேன். வேலை தந்த ஒப்பந்தக்காரர் எந்த வீடு, எத்தனை சதுர அடி, எப்போது முடிந்தது என்று கேட்டுக் கேட்டே இரண்டு மாதம் கடத்தினார். அவர் கேட்டவை எல்லாம் என் தாளில் இருந்திருக்க வேண்டியவை என்பதுதான் வெட்கம்.

“முறையான இன்வொய்ஸ்” எது என்று ஒன்ராறியோ கட்டுமானச் சட்டமே சொல்கிறது; 2019 ஒக்ரோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உங்கள் பெயர், முகவரி, தேதி, வேலை நடந்த காலம், எந்த ஒப்பந்தத்தின்படி செய்தது, என்ன வேலை எவ்வளவு, தொகை, கட்டும் நிபந்தனை, காசை யாருக்கு அனுப்புவது என்ற விவரம். இவ்வளவும் இருந்தால், கையில் கிடைத்து 28 நாளுக்குள் வீட்டுக்காரர் கட்ட வேண்டும். மறுப்பதென்றால் 14 நாளுக்குள் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும்.

இன்னொருவருக்குக் கீழே வேலை செய்கிறீர்களா? அப்போது நாள் எண்ணத் தொடங்குவது அவர் வீட்டுக்காரரிடம் கொடுக்கும் இன்வொய்ஸிலிருந்து. உங்கள் கணக்கை அதற்கு முன்பே அவரிடம் சேர்த்துவிடுங்கள். அவருக்குக் காசு வந்தால் 7 நாளுக்குள் உங்களுக்குத் தர வேண்டும். 10 சதவீதத்தைப் பிடித்து வைத்தால் சண்டைக்குப் போகாதீர்கள், அது சட்டப்படியான பிடித்தம். தனி வரியில் காட்டுங்கள்.

அடுத்தது எச்.எஸ்.ரி, அதாவது செய்த வேலையின் விலைக்கு மேல் வாங்கும் 13 சதவீத விற்பனை வரி. தொடர்ந்து வரும் நான்கு காலாண்டுகளில் வருமானம் 30,000 டொலரைத் தாண்டாதவரை பதிவு கட்டாயமில்லை. பதியாமல் அந்த வரியை வாங்கவே கூடாது. சிலர் வாங்குகிறார்கள், பிறகு மாட்டிக்கொள்கிறார்கள். பதிந்தபின் அந்தப் பதிவு இலக்கத்தை இன்வொய்ஸில் போடுங்கள். தொகை 500 டொலரோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் பெயரும் வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் தொடர் இலக்கம் இட்டு, பிரதியை ஆறு வருடம் வைத்திருங்கள். கையில் கொடுத்தாலும் மின்னஞ்சலிலும் ஒன்று அனுப்புங்கள். “எனக்குக் கிடைக்கவே இல்லையே” என்ற பேச்சை நான் மூன்று முறை கேட்டிருக்கிறேன்.