கரண்ட் போனா ஹால்ல கடல் தண்ணி, சம்ப் பிளம்பிங்ல எங்க தப்பு?

தாம்பரம்_க்ளவுன்:
எல்லாருக்கும் வணக்கம். 4x2x2 அடி மீன் டேங்க், 12 எம்எம் கண்ணாடி, உப்புத்தண்ணி போட்டு அஞ்சு மாசம் ஆச்சு. ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு யெல்லோ டேங் மீன், கொஞ்சம் சோவாந்தஸ் (பூ மாதிரி விரியற கோரல்), ஒரு லெதர் கோரல், அவ்ளோதான். கீழ கேபினெட்ல 36x16x16 இஞ்ச் சம்ப் (டேங்க் தண்ணி இறங்கி வந்து திரும்ப மேல போற சின்ன தொட்டி), அதுல 9 இஞ்ச் தண்ணி ஓடுது. டேங்க் அடியில ஓவர்ஃப்ளோ பாக்ஸ்குள்ள (மேல் தண்ணி வழிஞ்சு விழற தடுப்பு) ரெண்டு ஓட்டை, 1 இஞ்ச்ல தண்ணி கீழ இறங்குது (ட்ரெயின்), முக்கால் இஞ்ச்ல மேல ஏறுது (ரிட்டர்ன்). ரிட்டர்ன் பம்ப் மணிக்கு 4000 லிட்டர்னு பாக்ஸ்ல போட்டிருக்கு, மேக்ஸ் ஹெட் (தண்ணிய ஏத்தற உச்ச உயரம்) 3 மீட்டர்.

போன ஞாயித்துக்கிழமை நாங்க கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப கரண்ட் போயிருக்கு, வந்து பாத்தா ஹால் பூரா தண்ணி, ஒரு பக்கெட் நெறைய துடைச்சோம், அம்மா இன்னும் என்கிட்ட சரியா பேசல. பிளம்பிங் பண்ணிக் கொடுத்த கடைக்காரர் (கடை பேரு வேணாம் விடுங்க) "செக் வால்வு போட்டிருக்கேன் சார், ஒரு சொட்டு கீழ வராது"னு சொன்னவர்தான் (தண்ணி திரும்பி வராம மூடிக்கற வால்வு அது). அது போக ராத்திரியில அந்த ட்ரெயின் பைப் கொட கொடனு கத்துது, பெட்ரூம் வரைக்கும் கேக்குது. டேங்க்ல ஃப்ளோவும் பத்தல, கல்லுக்குப் பின்னாடி அழுக்கு தேங்குது. அதனால 8000 லிட்டர் பம்ப் வாங்கலாம்னு இருக்கேன். சரியா?

ரீஃப்_கோவை:
பம்ப் வாங்காதீங்க ப்ரோ, மொதல்ல அந்த நெனப்ப நிறுத்துங்க. உங்க ட்ரெயின் இப்பவே மூச்சு வாங்கிட்டு இருக்கு, அதுல டபுள் மடங்கு தண்ணிய தள்ளினா அடுத்த தடவை கரண்ட் இருக்கும்போதே ஹால் நனையும்.

கணக்குப் பாருங்க. உங்க டேங்க் 122 சென்டிமீட்டர் நீளம் 61 அகலம், அப்போ ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு கிட்டத்தட்ட ஏழரை லிட்டர் தண்ணி. ரிட்டர்ன் நாசில் (தண்ணி டேங்க்குள்ள விழற பைப் முனை) தண்ணிக்குள்ள எவ்ளோ ஆழத்துல இருக்கு? நாலு இஞ்ச்னு வெச்சுக்கோங்க, பம்ப் நின்ன உடனே அந்த பைப் வழியா தண்ணி ரிவர்ஸ்ல சைஃபன் ஆகி (பைப் நெறைய தண்ணி தானா கீழ இழுத்துக்கிட்டு) நாசில் வெளிய தெரியற வரைக்கும் இறங்கும், அதுவே 75 லிட்டர். பாக்ஸ்குள்ள இருக்கறது, பைப்ல இருக்கறது எல்லாம் தனி. உங்க சம்ப்ல 9 இஞ்ச்க்கு மேல காலியா இருக்கற 7 இஞ்ச்ல 66 லிட்டர் கிட்டதான் பிடிக்கும். மிச்சம் எங்க போகும், அம்மாவோட ஹாலுக்குதான்.

செக் வால்வ நம்பாதீங்க. நல்ல தண்ணி மோட்டருக்கு ஓகே. கடல் தண்ணியில கால்சியம் படியும், கோரலைன் (கல்லு மாதிரி படியற பாசி) வரும், குட்டி நத்தை ஒண்ணு ஃப்ளாப்ல உக்காந்தா போதும், மூடாது. கழட்டிப் பாத்தீங்கனா உள்ள வெள்ளையா கல்லு மாதிரி இருக்கும்.

தாம்பரம்_க்ளவுன்:
அண்ணா கரெக்டா நாலு இஞ்ச்தான்!! எப்படி சொன்னீங்க. வால்வ கழட்டிட்டேன், நீங்க சொன்ன மாதிரியே வெள்ளை வெள்ளையா, ஃப்ளாப் பாதியில நிக்குது. நாசில்ல சின்ன ஓட்டை போட்டா காத்து பூந்து சைஃபன் கட் ஆகும்னு ஒரு வீடியோல பாத்தேன், அது போதுமா?

கடல்குதிரை_அக்கா:
தம்பி, ஓட்டை போடலாம், ஆனா பாசி அடைச்சுக்கும், எனக்கு ரெண்டு தடவை அடைச்சிருக்கு, வாரா வாரம் குத்தி விடணும். நாசிலையே மேல தூக்கி தண்ணி மட்டத்துக்கு ஒரு இஞ்ச் கீழ வெச்சிருங்க, அடைக்கறதுக்கே ஒண்ணும் இருக்காது. ஓட்டையும் இருந்துட்டு போகட்டும்.

சத்தம் வேற விஷயம். ஒரே பைப்ல காத்தும் தண்ணியும் கலந்து எறங்குது, அதான் கொட கொட. பைப் பூரா தண்ணி மட்டும் போச்சுனா, அதாவது முழு சைஃபன்ல ஓடினா, சத்தமே வராது, அதே சைஸ் பைப்ல ரொம்ப அதிகமாவும் போகும். ஆனா ஒரு சைஃபன் மட்டும் வெச்சா அடைச்சா கதை முடிஞ்சது, அதனால பக்கத்துல ஒரு காலி பைப் வேணும். இதத்தான் ஹெர்பின்னு சொல்லுவாங்க. மூணு பைப் வெச்சா பீன் அனிமல், உங்களுக்கு ஓட்டை ரெண்டுதான் இருக்கு, ஹெர்பி போதும்.

இப்ப செய்ய வேண்டியது என்னன்னா ரெண்டு ஓட்டையையும் ட்ரெயினா மாத்திருங்க. ரிட்டர்ன டேங்க் பின்பக்கம் மேல ஏத்தி விளிம்புக்கு மேல வளைச்சு விடுங்க. இதுல எல்லாரும் ஒரு தப்பு பண்ணுவாங்க, பெரிய ஓட்டைல சைஃபன் வெப்பாங்க. தலைகீழா வெக்கணும். முக்கால் இஞ்ச் சைஃபன், அதுவே உங்க டேங்க் ஒசரத்துக்கு மணிக்கு 2000 லிட்டர் கிட்ட இழுக்கும். 1 இஞ்ச் எமர்ஜென்சி. சின்னது அடைச்சா பெருசு மொத்தத்தையும் தாங்கணும் இல்லையா. சைஃபன் வாய் பாக்ஸ்குள்ள நல்லா ஆழத்துல இருக்கணும், எமர்ஜென்சி வாய் ஓடற தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் மேல. எமர்ஜென்சி பைப்ல வால்வு வெக்கவே கூடாது, யார் சொன்னாலும். சைஃபன் பைப் முனை சம்ப் தண்ணிக்குள்ள ஒரு இஞ்ச்க்கு மேல முங்க வேணாம், முங்கினா கரண்ட் வந்ததும் உள்ள இருக்கற காத்து வெளிய போக முடியாம முக்கிட்டு நிக்கும்.

ஃப்ளோவுக்கு ரிட்டர்ன் பம்ப் ஆள் இல்ல தம்பி. உங்க பம்ப் ஒன்றரை மீட்டர் ஏத்தி, எல்போல்லாம் தாண்டி 2000 கிட்டதான் கொடுக்கும், 450 லிட்டர் டேங்குக்கு மணிக்கு நாலு தடவை சுத்துது, சம்புக்கு அது தாராளம். கல்லுக்குப் பின்னாடி தேங்கறதுக்கு வேவ்மேக்கர் (டேங்க்குள்ளயே தண்ணிய கலக்கி விடற சின்ன பம்ப்) ரெண்டு வாங்குங்க, ஒவ்வொண்ணும் மணிக்கு 5000 லிட்டர் கிட்ட. ரெண்டையும் நேருக்கு நேர் வெக்காம ஒண்ண பின்னாடி மூலையில வெச்சு முன் கண்ணாடில மோத விடுங்க. லெதர் மேல நேரா அடிக்க வேணாம், சுருங்கிக்கும்.

பைப்காரன்:
நான் தொழிலே பிளம்பிங், மீன் வளக்கறது ஆசைக்கு. அக்கா சொன்னது எல்லாம் சரி, சாமான் வாங்கறப்ப ஏமாறாம இருக்க நான் நாலு வார்த்தை.

சைஃபனுக்கு கேட் வால்வு வேணும், பால் வால்வ ஒரு முடி நகத்தினாலே ஃப்ளோ எகிறும், நைசா செட் பண்ண முடியாது. ஆனா ஹார்டுவேர் கடைல போய் கேட் வால்வுனு கேட்டா கையில பித்தளைய கொடுப்பான். அத வாங்கிராதீங்க. பித்தளைல செம்பு இருக்கு, செம்பு தண்ணில இறங்கினா கோரல், இறால், நத்தை எல்லாம் காலி. பிளாஸ்டிக் கேட் வால்வுனு கேட்டு வாங்குங்க, கிடைக்கலைனா மீன் சாமான் கடைல ஆர்டர் போடுங்க. அதே மாதிரி மரை உள்ள பித்தளை பதிச்ச எல்போ, கப்ளிங் எதுவும் வேணாம். ஸ்டீல் கிளாம்பும் துரு ஏறும், நைலான் போடுங்க.

அடுத்தது சைஸ். நம்ம வீட்டு வெள்ளை யூபிவிசி 1 இஞ்ச் பைப்போட வெளி அளவு 33.4 எம்எம். ஆன்லைன்ல வர ஃபிட்டிங் பாதி 32 எம்எம், நம்ம போர்வெல் விவசாய பைப்பும் 32. பாக்க ஒண்ணு போலவே இருக்கும், உள்ள போகாது, சிலர் தேய்ச்சு சொருகிட்டு அப்புறம் ஒழுகுதுனு வருவாங்க. எல்லாத்தையும் ஒரே கடைல வாங்கி அங்கயே சொருகிப் பாருங்க. ஓட்டைல மாட்டற டேங்க் நிப்பிள் மாத்தறதா இருந்தா வாஷர் தலை பக்கம் வரணும், தண்ணி இருக்கற பக்கம். கையால இறுக்கி அதுக்கு மேல கால் சுத்து, அவ்ளோதான், ஸ்பேனர் போட்டு முறுக்கினா கண்ணாடி போயிரும்.

90 எல்போ குறைங்க, இடம் இருந்தா ரெண்டு 45 போடுங்க. பம்புக்கு மேல ஒரு யூனியன் (கழட்டி மாட்டற இணைப்பு) கண்டிப்பா, இல்லைனா சுத்தம் பண்றப்ப பைப்ப அறுக்கணும். பைப் ஒட்டற சொல்யூஷன் ரெண்டு பக்கமும் தடவி, சொருகி கால் சுத்து திருப்பி அரை நிமிஷம் பிடிங்க, இல்லைனா பைப் தானா வெளிய தள்ளும். ஒரு நாள் காய விட்டு, முடிஞ்சா வெறும் தண்ணில ஓட்டிப் பாருங்க.

ரீஃப்_கோவை:
இன்னொண்ணு விட்டுப்போச்சு. இப்ப எல்லாரும் கரண்ட் போறதப் பத்தியே பேசறோம், கரண்ட் இருக்கும்போது ரெண்டு ட்ரெயினும் அடைச்சா? பம்ப் தன்னோட அறைல இருக்கற தண்ணி தீர்ற வரைக்கும் மேல ஏத்திட்டே இருக்கும். உங்க ரிட்டர்ன் அறை எவ்ளோ? ஒரு அடி நீளம்னா 28 லிட்டர். டேங்க்ல மேல ஒரு நாலு சென்டிமீட்டர் காலி இருந்தா தாங்கிரும். அளந்து பாத்துருங்க. பவர் ஸ்ட்ரிப்ப கேபினெட் அடியில போடாதீங்க, சைடுல மேல மாட்டுங்க, ஒயர் ஒரு தொங்கல் விட்டு மேல ஏறணும், ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா கட் பண்ற ஸ்விட்ச்) இல்லாம உப்புத்தண்ணில கை விடாதீங்க.

தாம்பரம்_க்ளவுன்:
பத்து நாள் கழிச்சு வரேன், மன்னிச்சுக்கோங்க. எல்லாம் மாத்தியாச்சு. பைப்காரன் அண்ணா சொன்ன மாதிரியே மொத கடைல பித்தளைதான் நீட்டினான், சிரிப்பு வந்துருச்சு. நானே மெயின ஆஃப் பண்ணி டெஸ்ட் பண்ணேன், சம்ப்ல தண்ணி 13 இஞ்ச்ல நின்னுருச்சு, மூணு இஞ்ச் மிச்சம். அப்புறம் சைஃபன் வாய கையால மூடிப் பாத்தேன், எமர்ஜென்சி பயங்கரமா கத்திச்சு ஆனா மொத்தத்தையும் எடுத்துக்கிச்சு. டேங்க் மேல அஞ்சு சென்டிமீட்டர் இருக்கு, அதுவும் ஓகே. சத்தம் சுத்தமா இல்ல, நேத்து அப்பா வந்து "மோட்டர் ஓடலையாடா"னு கேட்டார்.

ஒரே ஒரு டவுட், வால்வ செட் பண்ணி விட்டா மறுநாள் மட்டம் கொஞ்சம் மாறிடுது, திரும்ப திருப்ப வேண்டியிருக்கு. ஏன்?

கடல்குதிரை_அக்கா:
புது பைப் உள்ள வழவழப்பு படியற வரைக்கும் அப்படித்தான் தம்பி, ரெண்டு மூணு வாரம் ஆடும். ஒவ்வொரு தடவையும் சொட்டு திருப்பி அரை மணி நேரம் விட்டுப் பாருங்க, எமர்ஜென்சில மெல்லிசா ஒரு கசிவு போற மாதிரி விட்டா மட்டம் அவ்ளோவா ஆடாது. ஆவியாகற தண்ணிக்கு டெய்லி ஆர்ஓ தண்ணிதான் ஊத்தணும், உப்புத்தண்ணி இல்ல. அத சம்ப்ல பழைய மட்டத்துக்கு மேல ஊத்தாதீங்க, கரண்ட் போனாலும் அந்த மூணு இஞ்ச் காலியா இருக்கணும். மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வெச்சிருங்க, வீட்ல வேற யாராவது ஊத்தினாலும் தெரியும்.

தாம்பரம்_க்ளவுன்:
போட்டாச்சு அக்கா. அம்மாவே போட்டுட்டாங்க, சிவப்பு மார்க்கர்ல.