ஜானி கார்சனின் உறை விளையாட்டு: எனக்கு மட்டும் ஏன் எடுபடவில்லை?

கேள்வி:
யூடியூபில் அமெரிக்க நகைச்சுவையாளர் ஜானி கார்சனின் பழைய இரவு டிவி நிகழ்ச்சியான டுநைட் ஷோவைத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் கார்னாக் என்று ஒரு வேஷம், 1964-ல் தொடங்கியது. பெரிய தலைப்பாகை, மேலங்கி. ஒட்டிய உறையை நெற்றியில் வைத்துப் பதிலை முதலில் சொல்வார். அப்புறம் உறையைக் கிழித்துக் கேள்வியைப் படிப்பார். விடுகதையைத் தலைகீழாகப் போட்ட மாதிரி.

போன பொங்கலுக்கு எங்கள் குடியிருப்பு விழாவில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு 8 உறைகளோடு நானும் மேடையேறினேன். என் ஜோக்குகள் அவருடையதைவிட மோசமில்லை, சத்தியமாக. மூன்றாவது உறையிலேயே கூட்டம் பந்திக்கு நகர்ந்துவிட்டது. எங்கே தப்பு?

பதில் 1:
பக்கத்தில் யார் இருந்தார்கள்? யாரும் இல்லை என்றால் அங்கேதான் தப்பு.

கார்சன் பதிலைச் சொன்னதும், ஷோவில் அவருக்குத் துணையாக இருந்த அறிவிப்பாளர் எட் மக்மஹோன் அதை அப்படியே திருப்பிச் சொல்வார், கவனித்தீர்களா? கார்னாக் அவரை முறைப்பார். வெறும் முறைப்பு என்று தோன்றும். ஆனால் பதில் முதலில் வருகிற ஜோக்கில், கேள்வி வரும்வரை சபை அந்தப் பதிலை மறக்கக் கூடாது. மக்மஹோன் அதைத்தான் பார்த்துக்கொண்டார். 'சிஸ் பூம் பா' உறையை மறுபடி பாருங்கள். அது அங்கே விளையாட்டு மைதானங்களில் போடும் உற்சாகக் கூச்சல். உள்ளே இருந்த கேள்வி: ஆடு வெடித்தால் என்ன சத்தம் வரும்? (அவர்கள் ஊர் ஆடு 'பா' என்று கத்தும். நம் ஆடு 'மே' என்பதால் தமிழில் கொண்டுவர முடியாது, நான் முயன்று பார்த்துவிட்டேன்.)

இன்னொன்று, ஜோக் எடுபடாவிட்டாலும் கார்சனுக்கு நஷ்டமில்லை. சபை ஊளையிட்டால், நோய் பிடித்த யாக் எருது உன் தங்கையோடு சிநேகமாகட்டும் என்கிற ரகத்தில் ஒரு சாபம். 'இதுதான் கடைசி உறை' என்று மக்மஹோன் அறிவித்தால் ஜனங்கள் கை தட்டும், அதற்கும் சாபம். கார்னாக் வரும்போதே மேஜைப் படியில் தடுக்கி விழுவார். ஒருமுறை மேஜையே இரண்டாகப் பிளக்கும்படி செய்து வைத்திருந்தார்கள்.

பதில் 2:
அந்தத் தலைப்பாகை எனக்கு உறுத்தும். கிழக்கத்திய சாமியார் என்றாலே கேலி என்ற காலம். தலைகீழ் கேள்விக்கு அது தேவையுமில்லை. இதே ஷோவை 1954-ல் தொடங்கிய ஸ்டீவ் ஆலனும் பதிலை முன்னால் சொல்லும் 'கேள்வி மனிதர்' செய்திருக்கிறார். உங்கள் துண்டையும் விட்டுவிடுங்கள்.

கேட்டவர்:
சரி, துண்டு வேண்டாம். பக்கத்தில் நிற்க எங்கள் சங்கச் செயலாளரைக் கேட்டிருக்கிறேன். மனிதர் எதையும் இரண்டு முறை சொல்வார். சாபங்களைப் பராமரிப்புப் பாக்கி வைத்திருப்பவர்களுக்குத்தான் விட வேண்டுமாம்.