மார்சேயில் ஒரே ஒரு பகல்: அம்மாவோடு எங்கே போகலாம்?

வணக்கம் நண்பர்களே. வரும் வியாழன் லியோனிலிருந்து ரயிலில் பிரான்சின் தெற்குக் கடற்கரையில் இருக்கும் மார்சே நகரத்துக்குப் போகிறோம். காலை 9 மணிக்கு சென் சார்ல் நிலையத்தில் இறங்கி, இரவு 8 மணி ரயிலில் திரும்ப வேண்டும். அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி. கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவருக்குப் பெரிய சந்தோஷம், அதனால் இந்த நாள் நன்றாக அமைய வேண்டும் என்று ரொம்ப ஆசைப்படுகிறேன்.

நிலைய வாசலில் 104 படிகள். அதைத் தவிர்த்து மெட்ரோவில் பழைய துறைமுகம் போய், காலை மீன் சந்தையைப் பார்க்கலாம். அப்புறம் 60ஆம் எண் பேருந்தில் நோத்ர்தாம் த லா கார்த் தேவாலயம். அது சுமார் 150 மீட்டர் உயரக் குன்றில் இருக்கிறது. நகரம், கடல், தீவுகள் எல்லாம் அங்கிருந்து தெரியும். பேருந்திலிருந்து இறங்கிய பிறகு எத்தனை படிகள் ஏற வேண்டும்? லிஃப்ட் உண்டா?

மதியத்துக்கு மேல்தான் குழப்பம். படகில் இஃப் கோட்டைத் தீவுக்குப் போவதா, முசெம் அருங்காட்சியகமா? மிஸ்த்ரால் காற்று பலமாக வீசினால் படகு ஓடாது. படகில் ஏறி இறங்குவது முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமமா? எனக்கு முசெம்தான் சரி என்று படுகிறது, செவ்வாய் தவிர மற்ற நாட்களில் திறந்திருக்கும்.

இன்னொன்று, அம்மா சைவம். கடலை மாவில் செய்து பொரிக்கும் பனீஸ் அவருக்குப் பிடிக்கும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் நல்லதாக எங்கே கிடைக்கும்? வயதானவர்களோடு போய் வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.