டென்வரிலிருந்து வார இறுதிப் பனிச்சறுக்கு: லவ்லேண்டா, மொனார்க்கா?

நண்பர்களுக்கு வணக்கம். நாங்கள் வழக்கமாகச் செல்லும் பனிச்சறுக்குத் தலத்தில் சனிக்கிழமைகளில் லிஃப்ட் வரிசையிலேயே பாதிப் பொழுது போய்விடுகிறது. மேலே ஏறுவதற்குள் சின்னவளின் கையுறை நனைந்து விரல்கள் விறைத்துவிடுகின்றன. வசிப்பது டென்வரில். 7, 10 வயதுகளில் இரு பிள்ளைகள், இருவரும் தொடக்கநிலைச் சரிவுகளில்தான் சறுக்குகிறார்கள். பள்ளி இருப்பதால் வார இறுதியை விட்டால் வேறு நாளில்லை.

2008-இல் எபிக், 2018-இல் ஐகான் என்று பல மலைகளுக்கும் ஒரே சீசன் பாஸ் வந்தபின், பெரிய தலங்களில் ஒருநாள் சீட்டே 200 டாலரைத் தாண்டிவிட்டதால், எப்போதாவது வருபவரும் முன்கூட்டியே பாஸ் வாங்கிவிடுகிறார். நிறுவனங்களுக்குப் பனி பெய்யுமுன்பே பணம் வந்துவிடுகிறது. நெரிசலோ குடும்பங்களின் தலையில் விடிகிறது என்பதே என் வருத்தம்.

இருட்டோடு புறப்பட்டும் பார்த்தோம், ஐ-70 நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. பிற்பகலில் போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்கிறது, ஆனால் பிள்ளைகளின் பயிற்சி வகுப்பைத் தவறவிடுகிறோம். பாஸ் தொகையைத் திருப்பிக் கேட்டதற்கு இயலாது என்று பதில் வந்தது.

ஆகவே இந்தப் பாஸ்களை விற்கும் பெருங்குழுமங்களைச் சேராத இரண்டு தலங்களைப் பார்க்கிறோம். லவ்லேண்ட், ஐ-70-இல் உள்ள ஐசனோவர் சுரங்கப்பாதைக்கு இப்பாலேயே, டென்வர் பக்கம் இருக்கிறது. தொடக்கநிலையினருக்குத் தனிப் பகுதியும் உண்டு. மொனார்க் தொலைவு என்றாலும் ஐ-70 பக்கமே போக வேண்டியதில்லை.

சிறு பிள்ளைகளோடு சனிக்கிழமைகளில் இவ்விரண்டுக்கும் சென்று பழகியவர்கள், எதன் சீசன் பாஸை வாங்கச் சொல்வீர்கள்?