கோவையில் கணக்காளர் வேலை: வழி சொல்லுங்கள்

வணக்கம். கணவருக்கு மாற்றல் வந்ததால் ஜூன் மாதம் மதுரையிலிருந்து கோவைக்குக் குடிவருகிறோம். எனக்கு வேலை அமைந்த பிறகுதான் வீடு பார்க்க நினைக்கிறேன். பீளமேட்டில் வீடெடுத்துவிட்டு குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தால் தினமும் ஊரையே கடக்க வேண்டுமே.

ஒன்பது வருட அனுபவம். டேலி, ஜிஎஸ்டி, பிஎஃப் எல்லாம் தனியாகவே பார்ப்பேன். ஆனால் மதுரை முகவரியைப் பார்த்ததும் "இங்கே வந்த பிறகு கூப்பிடுங்கள்" என்று போனை வைத்துவிடுகிறார்கள். மூன்று இடத்தில் இப்படித்தான்.

பம்ப், ஃபவுண்டரி, மில் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள். முதல் இன்டர்வியூவை வீடியோ காலில் வைப்பார்களா? விண்ணப்பத்தில் கோவை உறவினர் முகவரியைப் போடச் சிலர் சொல்கிறார்கள், எனக்கு மனம் ஒப்பவில்லை. 20ஆம் தேதி ஜிஎஸ்டி வேலை முடிந்ததும் இரண்டு நாள் லீவு போட்டு நேரில் வர முடியும். எந்தப் பக்கம் முதலில் போகலாம்?